கோலாலம்பூர் (கேஎல்) சைனாடவுனும் லேக் கார்டனும் ஒரே நாள்ல: கேமராவோட நடக்குறவங்களுக்கு முழு வழிகாட்டி

கேஎல் சைனாடவுன் படம்னு தேடிப் பாருங்க, வர்றது எல்லாம் ஒரே படம்தான். மேல பச்சைக் கூரை, நடுவுல சிவப்பு லாந்தர், கீழ டூப்ளிகேட் கைப்பை. எல்லாரும் மதியம் 12 மணிக்கு மேல போயி பெட்டாலிங் ஸ்த்ரீட் ஆர்ச்சுக்குக் கீழ நின்னு எடுத்துட்டு, ஒரு லோங்கான் பழத் தண்ணி குடிச்சுட்டு, வேர்த்து ஊத்துதுன்னு கிராப் டாக்சி புக் பண்ணி வீட்டுக்குப் போயிடுறாங்க. என்னைக் கேட்டா அந்த ஏரியாவுல கேமராவுக்கு கடைசியா போக வேண்டிய தெரு பெட்டாலிங் ஸ்த்ரீட்தான். எடுக்க வேண்டிய படம் எல்லாம் அதுக்கு இணையா ஓடுற துன் எச்.எஸ்.லீ ரோட்டுலயும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துகள்லயும் இருக்கு, அதுவும் காலையில 10 மணிக்கு முன்னாடி மட்டும்தான் இருக்கு.

அதனால நான் சொல்ற கணக்கு இதுதான்: காலையில மனுஷங்க, சாயங்காலம் மரங்க. நிறைய பேர் பார்க்கை காலையில வச்சுக்கிறாங்க, ஜாகிங் போற பழக்கம்னு நினைக்கிறேன், ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் முடிக்கணும்னா அது சரிவராது. பார்க்குல இருக்கிற மரம் சாயங்காலம் 5 மணிக்கும் அங்கயேதான் நிக்கும், பூக்கார அக்கா காலையில இருந்த மாதிரி இருக்க மாட்டாங்க.

எப்ப போறது

சனிக்கிழமை காலை நல்லா இருக்கும், கூட்டமும் இருக்கும் ஆனா ரொம்ப நெரிசல் இல்ல. திங்கள்கிழமை வேணாம், சாப்பாட்டுக் கடை நிறைய பூட்டியே கிடக்கும். சீனப் பெருநாள் நேரத்துல லாந்தர் எல்லாம் புதுசா தொங்கும், பாக்க அழகுதான், ஆனா பெருநாள் அன்னைக்கே போனீங்கன்னா பாதித் தெரு அடைச்சிருக்கும், அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சாமான் வாங்குற நேரத்துல போங்க, அப்பதான் தெரு பொங்கி வழியும்.

நம்ம ஊர் வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு புரிஞ்சுக்கணும். பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கோம், சூரியன் சரிஞ்சு ஏறாது, நேரா மேல ஏறிடும். வருஷம் முழுக்க 7 மணியில இருந்து 7.30-க்குள்ள விடிஞ்சிடும், 9.30 ஆகிறதுக்குள்ள வெளிச்சம் கடுமையாயிடும், முகத்துல கண்ணுக்குக் கீழ கறுப்பு நிழல் விழும். வெளிநாட்டு யூடியூப்காரங்க கோல்டன் அவர்னு ஒரு மணி நேரம் சொல்றாங்கல்ல, இங்க அதெல்லாம் கிடைக்காது, அரை மணி நேரம் கிடைச்சா அதிர்ஷ்டம். அப்புறம் மழை. ஏப்ரல் பக்கமும் அக்டோபர், நவம்பர்லயும் மதியம் 3 மணிக்கு மேல வானம் கறுத்து இடி மின்னலோட கொட்டும், ஒரு மணி நேரத்துல விட்டுடும். அந்த மழைக்கு பயந்து பிளானை மாத்தாதீங்க, மழை விட்ட பிறகு லேக் கார்டன்ல கிடைக்கிற பச்சை வேற எந்த நேரத்துலயும் கிடைக்காது.

கையில என்ன இருக்கணும்

ஃபோன் போதும். நெசமாத்தான் சொல்றேன். சந்துல பெரிய கேமராவை தூக்குனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, ஃபோனை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஃபோன்ல ஒரே ஒரு பழக்கம் பண்ணிக்கோங்க, திரையில தொட்டு ஃபோகஸ் வச்ச உடனே பக்கத்துல வர்ற சூரியன் மாதிரி குறியை கொஞ்சம் கீழ இழுத்து வெளிச்சத்தைக் குறைங்க. நம்ம ஊர் வானம் வெளுத்துப் போற பிரச்சனை அதுலயே பாதி சரியாயிடும்.

கேமரா உள்ளவங்க 35 எம்எம் மாதிரி ஒரு லென்ஸ் மாட்டிக்கிட்டு போனா காலை முழுக்க மாத்த வேண்டியதில்ல. தெருவுக்கு ஷட்டர் வேகம் 1/250, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) ஆட்டோ, இதை வச்சுட்டு மறந்துடுங்க. கோயிலுக்குள்ள போனா எஃப் 2 இல்ல 2.8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் போனாலும் பயப்பட வேணாம், புகைக்குள்ள அந்த நாய்ஸ் யாருக்கும் தெரியாது. டிரைபாட் வீட்டுலயே இருக்கட்டும், அஞ்சடியில, அதான் கடைவீட்டு முன்னாடி இருக்கிற கூரை போட்ட நடைபாதையில, அதை விரிச்சா நடக்குறவங்களுக்கு இடைஞ்சல். ட்ரோன் நினைப்பே வேணாம், அனுமதி இல்லாம நகரத்துக்கு நடுவுல பறக்க விட முடியாது.

ஒரு சின்ன டவல், கொசு மருந்து, மடக்குக் குடை, ரெண்டு பிளாஸ்டிக் பை. எம்ஆர்டி ரயில் உள்ள ஏர்கான்ல இருந்து வெளிய வந்த உடனே லென்ஸ்ல பனி படியும், துடைச்சா திரும்பத் திரும்ப வரும், அதனால இறங்குறதுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி கேமராவை எடுத்து கையில வச்சுக்காதீங்க, பைக்குள்ளயே மூடி வச்சு வெளிய வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எடுங்க.

எங்க இறங்குறது

பசார் செனி. எல்ஆர்டி, எம்ஆர்டி ரெண்டு ரயிலுமே அங்க நிக்கும். காரை எடுத்துட்டு வராதீங்க, பார்க்கிங் தேடியே வெளிச்சம் போயிடும். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்து துன் எச்.எஸ்.லீ ரோட்டுக்கு அஞ்சு நிமிஷ நடை. 7.15-க்கு அந்த ரோட்டுல இருந்தா சரி.

முதல் நிறுத்தம்: மகா மாரியம்மன் கோயில் வாசல்

சைனாடவுன்னு சொல்லிட்டு மாரியம்மன் கோயில்ல ஆரம்பிக்கிறானேன்னு நினைக்காதீங்க, இந்த ஊர் அப்படித்தான். தமிழர் தலைவர் கே. தம்புசாமி பிள்ளை 1873-ல ஆரம்பிச்ச கோயில், 1885-ல இந்த இடத்துக்கு வந்துச்சு. அவரும் சீனர் தலைவர் யாப் குவான் செங்கும் லோக் யூவும் சேர்ந்துதான் 1893-ல விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கூடத்தை அமைச்சாங்க, அந்தக் காலத்துலயே நம்ம ஆளும் அவங்களும் தோளோட தோள். இப்ப நிக்கிற அஞ்சு நிலை கோபுரம் 1968-ல கட்டுனது, உயரம் 22.9 மீட்டர்.

கேமராக்காரனுக்கு முக்கியமான விஷயம் என்னன்னா கோபுரம் கிழக்கு பாத்து நிக்குது. எதிர்ல கடைவீடு இருக்கிறதால விடிஞ்ச உடனே கீழ வரைக்கும் வெயில் வராது, முதல்ல உச்சியில கலசத்துல படும், அப்புறம் நிலை நிலையா கீழ இறங்கும். அந்த இறக்கத்தை நின்னு பாருங்க, மேல ரெண்டு நிலை மட்டும் வெயில்ல மின்னி கீழ எல்லாம் நீல நிழல்ல இருக்கிற நேரம் ஒண்ணு வரும், அப்ப எடுங்க. ரோடு குறுகல், முழுக் கோபுரமும் அடங்காதுன்னு ஃபோனை மேல சாய்ப்பீங்க, சாய்ச்சா கோபுரம் பின்னாடி விழற மாதிரி வரும். எதிர்ப்பக்க அஞ்சடிக்குள்ள எவ்வளவு தூரம் பின்னால போக முடியுமோ போங்க, ஃபோனை நேரா பிடிச்சு கீழ ரோடு அதிகமா வந்தாலும் பரவால்லன்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கலாம். தூணையும் ஃபிரேம்ல விட்டா இன்னும் நல்லா இருக்கும்.

ஆனா என் கண்ணுக்கு கோபுரத்தை விட வாசல்ல பூ கட்டுறவங்கதான். வாளியில மல்லி, தட்டுல சாமந்தி, ரோஜா இதழ் தனியா. கையை மட்டும் பாருங்க: இடது கை பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நாலு மொட்டு எதிரும் புதிருமா நிக்கும், வலது கை நூலை ஒரு சுத்து சுத்தி இழுக்கும், அவ்வளவுதான், அடுத்த நாலு மொட்டு. அவங்க பேசிக்கிட்டே கட்டுவாங்க, கீழயே குனிஞ்சு பாக்க மாட்டாங்க. இதை எடுக்க ஷட்டர் 1/60-க்கு இறக்குனா பூ தெளிவா இருக்கும், நூல் இழுக்குற விரல் மட்டும் லேசா கலங்கும், அந்தக் கலங்கல்தான் படமே.

கேக்காம எடுக்காதீங்க. “அக்கா, பூ கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா, கையை மட்டும்தான்”னு கேட்டா பத்துல எட்டு பேர் சிரிச்சுக்கிட்டே சரிம்பாங்க. வேணாம்னா விட்டுடுங்க, பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கேளுங்க. முதல்ல ரெண்டு முழம் பூ வாங்கிட்டு கேட்டா இன்னும் சுலபம், அம்மாவுக்கும் கொண்டு போன மாதிரி ஆச்சு. கோயிலுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு போங்க, மூலஸ்தானத்தை நோக்கி கேமராவை நீட்டாதீங்க, சாமி கும்பிடுறவங்க முகத்துக்கு நேரா போகாதீங்க, இதெல்லாம் நமக்கே தெரியும் ஆனா கூட வர்ற நண்பனுக்கு சொல்லிடுங்க. தைப்பூசத்தை ஒட்டி ராத்திரியில வெள்ளி ரதம் இங்க இருந்துதான் பத்துமலைக்குக் கிளம்பும், அது தனியா எழுத வேண்டிய கதை.

எதிர்ல குவான் டி

ரோட்டைத் தாண்டுனா கொஞ்ச தூரத்துல சிவப்பும் தங்கமுமா குவான் டி கோயில், 1880-கள்ல கட்டுனது. இது மேற்கு பாத்து இருக்கிறதால காலையில முகப்பு நிழல்ல கிடக்கும், முகப்பு வேணும்னா மதியத்துக்கு மேல திரும்ப வாங்க. காலையில உள்ள போங்க, மேல இருந்து சுருள் சுருளா பெரிய ஊதுபத்தி தொங்கும், வெளிச்சம் வர்ற பக்கத்துக்கு எதிரா நின்னு எடுத்தா புகை தெரியும், வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் இருந்தா புகையே தெரியாது. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா எந்த சீனக் கோயில்லயும் படம் எடுத்துடலாம். ஊதுபத்தி சாம்பல் லென்ஸ் மேல விழும், துடைக்காம ஊதி விடுங்க.

மெட்ராஸ் லேன்

இதுக்குப் பின்னாடிதான் சந்து பசார். அந்தக் காலத்துல இங்க இருந்த மெட்ராஸ் தியேட்டர் பேர்ல இன்னும் எல்லாரும் மெட்ராஸ் லேன்னுதான் கூப்பிடுறாங்க, தியேட்டர் எப்பவோ எரிஞ்சு போச்சு. ஈர பசார், கீழ தண்ணி ஓடும், வழுக்கும், பழைய செருப்பு போட்டுட்டு போங்க. மீன், கோழி, கீரை, டவ்ஃபூ, நடுவுல தகரக் கூரை ஓட்டை வழியா விழுற வெயில். இங்க ரெண்டு வகை வெளிச்சம் கலக்கும், குழல் விளக்கும் பகல் வெளிச்சமும், அதனால ஃபோன் ஆட்டோல விட்டா மீன் பச்சையா தெரியும். நிறத்தை அப்புறம் திருத்திக்கிற மாதிரி ரா ஃபைல்ல எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லன்னா ஒரேடியா கறுப்பு வெள்ளைக்கு மாத்திடுங்க, இந்தச் சந்துக்கு அது பொருந்தும்.

கடைக்காரங்க வேகமா வேலை பாக்குற நேரம், வழியை அடைக்காதீங்க. சீன அங்கிள் ஆன்ட்டிகிட்ட மலாய்ல “அங்கிள், போலே ஆம்பில் கம்பார்?” (படம் எடுக்கலாமா?)னு கேட்டா போதும், தலையாட்டுவாங்க இல்ல கையை வீசுவாங்க. கேன்டனீஸ்ல “ம்கோய்” (நன்றி)னு சொல்லிட்டு நகர்ந்தா இன்னும் சந்தோஷப்படுவாங்க. காலை பசியாறலை இங்கயே முடிச்சுக்கலாம், கறி லக்சா கடைகளுக்கு பேர் போன சந்து. ஆனா பன்றி இருக்கும், மாடு சாப்பிடாதவங்க பன்றி சாப்பிடாதவங்க எல்லாம் கேட்டுட்டு உக்காருங்க. சைவம்னா கோயில் பக்கம் திரும்பி வந்து தோசை சாப்பிட்டுக்கலாம்.

சின் சே சி யா

துன் எச்.எஸ்.லீ ரோட்டோட வடக்குப் பக்கம் போனா இந்தக் கோயில் கடைவீட்டுக்கு நடுவுல ஒளிஞ்சு கிடக்கும், வாசலைத் தவற விடுறவங்கதான் அதிகம். கேஎல்லோட பழைய தாவோ கோயில், சீனர் தலைவர் யாப் ஆ லோய் 1864-ல அமைச்சது. தெருவுக்கு நேரா இல்லாம கோணலா திரும்பி நிக்கும், ஃபெங் சுயி, அதான் சீன வாஸ்து, பாத்து வச்சதுன்னு சொல்லுவாங்க. மேல திறந்த முற்றம் வழியா வெளிச்சம் இறங்குற இடம்தான் படம், 9 மணியில இருந்து 10 மணிக்குள்ள அது சரிவா வரும். ஒரு ஓரத்துல உக்காந்துடுங்க, நடந்து நடந்து எடுக்காதீங்க, யாராவது ஊதுபத்தியைப் பிடிச்சுக்கிட்டு அந்த வெளிச்சத்துக்குள்ள தானா வருவாங்க. முகம் வேணாம், முதுகும் கையும் புகையும் போதும், கும்பிடுறவங்களை தொந்தரவும் பண்ணல.

கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க

இங்க இருந்து தெற்கே நடக்கும்போது கீழ் தளத்தை மறந்துடுங்க, கீழ எல்லாம் ஃபோன் கவர் கடைதான். மேல் மாடி முகப்புல சுண்ணாம்புப் பூ வேலை, மர ஜன்னல், உச்சியில கட்டுன ஆண்டு பொறிச்சிருக்கும், 1920-கள் 30-கள் நிறைய கிடைக்கும். அதுக்கு முன்னாடி இந்த ஊர் முழுக்க அத்தாப்பு ஓலையும் பலகையும்தான், 1881-ல ஒரு பெரிய தீ எல்லாத்தையும் தின்னுச்சு, அதே வருஷம் வெள்ளம் வேற. அதுக்கப்புறம் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லயும் ஓட்டுலயும்தான் கட்டணும்னு நின்னாரு, செங்கல் சூளை போட்ட இடம்தான் இப்ப லிட்டில் இந்தியான்னு சொல்ற நம்ம பிரிக்ஃபீல்ட்ஸ். அதனால இந்தக் கடைவீட்டு வரிசையைப் பாக்கும்போது நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டுன்னு நினைச்சுக்கிறது என் பழக்கம்.

முகப்பு எடுக்க நல்ல வழி எதிர் வரிசையில ஏதாவது மாடி கஃபேயில உக்காந்துக்கிறது. கண்ணு மட்டத்துல ஜன்னல் வரும், கோடு எல்லாம் நேரா இருக்கும். காப்பிக்கு 12 வெள்ளி (ரிங்கிட்) 15 வெள்ளி கேப்பாங்க, அதை டிக்கெட் காசுன்னு நினைச்சுக்கோங்க.

குவாய் சாய் ஹாங், ரெக்ஸ்

லோரோங் பங்குங்குக்குள்ள குவாய் சாய் ஹாங், 2019-ல பழைய கடைவீடுகளை சரிபண்ணித் திறந்த சந்து, சுவர்ல 1960-கள் வாழ்க்கையை ஓவியமா வரைஞ்சிருக்காங்க, முடி வெட்டுறவர், கடிதம் எழுதிக் குடுக்குறவர்னு. காலை 9 மணிக்குத் திறக்கும், 9-க்கே போனீங்கன்னா ஆள் இல்லாம கிடைக்கும், 11-க்குப் போனா ஒரு ஓவியத்துக்கு முன்னாடி பத்து பேர் வரிசை. எனக்கு இது ரொம்ப பிடிச்ச இடம்னு சொல்ல மாட்டேன், படம் எடுக்கணும்னே செஞ்சு வச்ச இடத்துல படம் எடுக்குறதுல என்ன இருக்கு, ஆனா பிள்ளைங்களோட போனா அவங்களுக்கு ஜாலி. பக்கத்துல பாலாய் போலிஸ் ரோட்டுல 1890-கள்ல போலிஸ்ல இருந்த சீக்கியருக்காக வந்த குருத்வாரா இருக்கு, அதை யாரும் கண்டுக்கிறதில்ல, போயி பாருங்க.

ஜாலான் சுல்தான்ல ரெக்ஸ், 1947-ல ஆரம்பிச்ச சினிமா தியேட்டர், 1972-ல தீப்பிடிச்சு 1976-ல திரும்ப கட்டுனாங்க, 2002-ல படம் ஓடுறது நின்னு போச்சு, இப்ப கடைங்க, சாப்பாடு, மேல புத்தகக் கடை. அந்தப் புத்தகக் கடையில தியேட்டர் படிக்கட்டு சரிவு மேலயே மர அலமாரி அடுக்கி வச்சிருக்காங்க, வெயில் ஏறுன நேரத்துல உள்ள போயி வைட் லென்ஸ்ல எடுக்கலாம்.

இப்ப பெட்டாலிங் ஸ்த்ரீட்

11 மணிக்கு மேல கடை எல்லாம் விரிச்சுட்டாங்கன்னா வாங்க. 2003-ல போட்ட பச்சைக் கூரை மழைக்கு நல்லது, படத்துக்குக் கெட்டது, கீழ நிக்கிற ஆள் எல்லாம் லேசா நோயாளி மாதிரி தெரிவாங்க. சரிபண்ண ஒரு வழி, வெள்ளை பேப்பரையோ பிளாஸ்டிக் பையையோ காட்டி வைட் பேலன்ஸ் செட் பண்ணிக்கோங்க. இன்னொரு வழி, ஹாங் லெக்கீர் ரோடு குறுக்க வெட்டுற முக்குல நில்லுங்க, அங்க பக்கவாட்டுல இருந்து நல்ல வெளிச்சம் வரும். அங்கதான் லோங்கான் தண்ணி வண்டியும், நீளக் கரண்டியில மொண்டு ஊத்தும்போது பின்வெளிச்சத்துல அந்தத் தண்ணி தேன் நிறத்துல மின்னும், ஃபோன்ல பர்ஸ்ட் போட்டு பத்துப் பதினஞ்சு தட்டுங்க ஒண்ணு சரியா வரும். கொட்டை வறுக்கிற சட்டியும் பக்கத்துலயே.

டூப்ளிகேட் பை, வாட்ச் விக்கிறவங்க பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. அவங்களுக்கு அது பிழைப்புப் பிரச்சனை, ரெய்டுக்குன்னு நினைச்சுப்பாங்க, சத்தம் போட்டாங்கன்னா ஃபோனை இறக்கிட்டு “சோரி பாஸ்”னு சொல்லிட்டு நடங்க, விவாதம் பண்ணாதீங்க. அழிக்கச் சொன்னா அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சுடுங்க.

தெருவோட தெற்கு முனையைத் தாண்டி இன்னும் நடந்தா சான் சீ ஷூ யுவென், சான் குலத்தாரோட சங்கக் கட்டடம், 1906-ல முடிச்சது. பெட்டாலிங் ஸ்த்ரீட்டுக்கு வர்ற கூட்டத்துல இங்க வரைக்கும் வர்றவங்க ரொம்பக் கம்மி. கூரை விளிம்பு முழுக்க பீங்கான் பொம்மைகள், போர்க்காட்சி, குதிரை, மாளிகைன்னு வரிசையா, ஜூம் இருந்தா இங்கதான் உபயோகம். பின்னாடி மெர்டேக்கா 118 நிக்கும், 678.9 மீட்டர், உலகத்துலயே ரெண்டாவது உயரம். பீங்கான் குதிரையும் கண்ணாடிக் கட்டடமும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி கீழ குந்தி ஒரு கோணம் பிடிங்க. அந்தக் கட்டடத்தை முழுசா எடுக்கணும்னு பாடுபடாதீங்க, சைனாடவுனுக்குள்ள இருந்து அது ரெண்டு கூரைக்கு நடுவுல ஒரு கீத்தாத் தெரிஞ்சாலே போதும்.

மதியம் ஓய்வு

12-ல இருந்து 4 வரைக்கும் வெயில் தலைக்கு நேர் மேல, வெளிய எடுக்க ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க. கறுப்பு ஹொக்கியன் மீ இந்த ஊர்ல பிறந்தது, சைனாடவுன்ல 1927-ல இருந்து கரி அடுப்புல வறுக்கிற கடை இருக்கு. அப்புறம் செண்ட்ரல் மார்க்கெட், 1888-ல பசாரா ஆரம்பிச்சது, இப்ப பாக்குற ஆர்ட் டெகோ கட்டடம் 1937. ஏர்கான்ல உக்காந்து காலை படத்தை ஃபோன்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, பேட்டரி சார்ஜ் போடுங்க.

பார்க் வரைக்கும் நடக்கிறது

நடந்தே போலாம், ஆனா இந்த ஊர்ல நடக்குறது எப்படின்னு தெரியும்ல, மேப்புல கிட்ட இருக்கும், ரோடு குறுக்க ஹைவே மாதிரி ஓடும். பசார் செனி ஸ்டேஷன்ல இருந்து ஆத்துக்கு மேல நடைபாலம் இருக்கு, அதுல ஏறி கேடிஎம் பழைய ரயில்வே ஸ்டேஷனுக்குப் போங்க. 1910-ல ஹப்பேக்ங்கிற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வடிவமைச்ச கட்டடம், வெள்ளைக் குடையும் வளைவுமா, பாலத்து மேல நின்னு ஆத்தோட சேத்து ரெண்டு படம் எடுத்துக்கோங்க. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தேசியப் பள்ளிவாசல் மஸ்ஜிட் நெகாரா, 1965-ல திறந்தது, 73 மீட்டர் மினாரா, நட்சத்திர மாதிரி மடிப்புக் கூரை. தொழுகை நேரம் இல்லாதப்ப உள்ள விடுவாங்க, மேலங்கி அவங்களே தருவாங்க, உள்ள இருக்கிற தூண் வரிசை நிழல் செம. அங்க இருந்து மேடு. இஸ்லாமியக் கலைக் காட்சியகத்தைத் தாண்டி பறவைப் பூங்கா வரைக்கும் ஏறணும், வயசானவங்க கூட வந்தா கிராப் எடுத்துடுங்க, காசும் கம்மிதான்.

லேக் கார்டன்

பேரு இப்ப பெர்டானா தாவரவியல் பூங்கா, 2011-ல மாத்துனாங்க, ஆனா நம்ம வீட்டுல எல்லாம் இன்னும் லேக் கார்டன்தான். 1888-ல ஆல்ஃபிரெட் வென்னிங்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி முயற்சியில ஆரம்பிச்சது, இப்ப 91.6 ஹெக்டர். அவ்வளவையும் ஒரு சாயங்காலத்துல சுத்த முடியாது, சுத்தவும் வேணாம். 4.30-க்கு, மேட்டுப் பக்கம் இருக்கிற ஆர்கிட் தோட்டத்துல ஆரம்பிச்சு கீழ ஏரிக்கு இறங்குங்க, வெளிச்சம் சரியும்போது நீங்களும் சரிவுல இறங்குவீங்க.

ஆர்கிட்டும் செம்பருத்தியும் எதிர் எதிர். பூவை எடுக்க எல்லாரும் கிட்டப் போயி மேல இருந்து எடுக்கிறாங்க, பூ தட்டையா தெரியும். முட்டி போட்டு பூ மட்டத்துக்கு வாங்க, பின்னாடி நிழல்ல இருக்கிற இடமா பாத்து பூ மேல மட்டும் வெயில் படுற கோணம் பிடிங்க. மழை விட்டிருந்தா இதழ் மேல துளி, அப்ப வேற எதுவும் செய்யத் தேவையில்ல.

கீழ தூங்குமூஞ்சி மரங்க. குடை மாதிரி விரிஞ்சு, கிளை எல்லாம் பாசியும் ஒட்டுச் செடியுமா. இந்த மரத்தை முழுசா எடுக்க நினைச்சா ஏமாற்றம்தான், பெருசு தெரியாது. கீழ ஒரு ஆளை வைங்க, நடந்து போறவர் இல்ல சைக்கிள்காரர், அந்த ஆள் ஃபிரேம்ல சின்னதா ஒரு மூலையில இருக்கட்டும், அப்பதான் மரம் எவ்வளவு பெருசுன்னு தெரியும். சாயங்காலம் இலை மடிய ஆரம்பிச்சதும் மேல இருந்து வெளிச்சம் கூடுதலா இறங்கும், மத்த மரத்துக்குக் கீழ இருட்டுற நேரத்துல இங்க மட்டும் ஒரு வெளிச்சம் நிக்கும். 6.30 வாக்குல போலரைசர் ஃபில்டர் இருந்தா மாட்டி, ஈர இலையைப் பாத்து மெதுவா சுத்துங்க, இலை மேல இருக்கிற வெள்ளைப் பளபளப்பு போயி பச்சை அப்படியே கிளம்பும். ஏரித் தண்ணியில பிரதிபலிப்பு வேணும்னா ஃபில்டரைக் கழட்டிடுங்க, அது பிரதிபலிப்பையும் தின்னுடும்.

குரங்கு இருக்கு. கையில பிளாஸ்டிக் பை, சாப்பாடு எதுவும் தெரியக்கூடாது. பல்லைக் காட்டுனா அது சிரிக்கல, பின்னால நகருங்க. பிள்ளைங்க தீனி போடப் போனா தடுங்க.

பறவைப் பூங்காவுக்கு டிக்கெட் விலை கூடுதல், பூங்காவுக்குள்ளயே தனி நுழைவு, 20.9 ஏக்கர், மேல வலை கட்டி பறவைகளை சுதந்திரமா விட்டிருக்காங்க. பறவை மேல ஆசை இருந்தா அதுக்கே ஒரு நாள் ஒதுக்குங்க, இந்தப் பிளான்ல திணிக்காதீங்க. போனீங்கன்னா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: கூண்டுல இருக்கிற பறவைக்கு லென்ஸை வலையோட ஒட்டி வச்சு, அப்பர்ச்சரை முழுசா திறந்து, பறவை வலையை விட்டுத் தள்ளி இருக்கும்போது எடுங்க, வலைக் கம்பி மறைஞ்சே போயிடும்.

கல்யாண ஜோடி படம், டிரெஸ் விளம்பரம்னு பெரிய செட்டப்போட போறதா இருந்தா டிபிகேஎல்கிட்ட, அதான் கோலாலம்பூர் மாநகராட்சிகிட்ட, முன்னாடியே அனுமதி கேட்டுக்கோங்க. குடும்பப் படத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நேரம் இருந்தா வடக்குப் பக்கம் தேசிய நினைவுச் சின்னம் துகு நெகாரா, 1966-ல ஃபெலிக்ஸ் டி வெல்டன் செஞ்ச வெண்கலச் சிலை, ஏழு வீரர்கள், 15 மீட்டர். அந்தி வானத்துக்கு எதிரா நிழலுருவமா எடுத்தா நல்லா வரும், ஆனா ஏரியையும் அதையும் ஒரே அந்தியில பிடிக்க முடியாது, ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. நான் ஏரிதான்.

கிளம்புறது

8 மணி வாக்குல பூங்காவை அடைச்சுடுவாங்க, 7.30-க்கே வாசலைப் பாத்து நடக்க ஆரம்பிங்க, உள்பாதையில வெளிச்சம் குறைவு, தனியா வந்த பொம்பளைப் பிள்ளைங்க இருட்டுறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. தெற்குப் பக்கமா இறங்குனா பிளானட்டேரியம் வழியா தேசிய அருங்காட்சியகம், அங்க எம்ஆர்டி ஸ்டேஷன், அதுலயே உள்வழியா கேஎல் செண்ட்ரல். மழை நாள்ல கிராப் விலை ரெண்டு மடங்கு ஏறி நிக்கும், அதனால இந்த வழி தெரிஞ்சிருக்கிறது நல்லது. செண்ட்ரலுக்குப் பின்னாடி பிரிக்ஃபீல்ட்ஸ், வாழை இலை சாப்பாடோ ரொட்டி சானாயோ, பசிக்கு ஏத்த மாதிரி.

சாப்பாடு வர்ற வரைக்கும் படத்தை அழிக்கிற வேலையை ஆரம்பிக்காதீங்க, களைப்புல இருக்கும்போது நல்ல படம்தான் முதல்ல போகும். மறுநாள் பெரிய திரையில போட்டு, கையும் பூவும் ஒரு அடுக்கு, புகை ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்குன்னு பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு மட்டும் வைங்க. படம் எடுக்க விட்ட பூக்கார அக்காவுக்கு பக்கத்துக் கடையில நாலு வெள்ளிக்கு ஒரு பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டு போயி குடுத்துடுங்க, அதுக்கப்புறம் அந்த வாசல்ல நீங்க கேக்கவே வேண்டியதில்ல.